முன்கையில் போட்ட வட்டம்

"சார், புதன்கிழமை ஒரு மணி நேரம் பர்மிஷன் வேணும். இன்னிக்குக் காலைல போட்ட இந்த வட்டத்தை கிளினிக் சிஸ்டர்கிட்ட காட்டணும்."

பேருந்து முன்பதிவு அலுவலகத்தின் நான்காம் கவுண்டர் குமாஸ்தா சட்டைக் கையைச் சுருட்டி முன்கையை நீட்டினார். பேனாவால் போட்ட வட்டம். நடுவில் ஊசி குத்திய புள்ளி.

"என்னய்யா இது?" என்றார் மேலாளர்.

"டிபி டெஸ்ட் சார்."

மேலாளரின் நாற்காலி இரண்டடி பின்னால் உருண்டது.

"ஐயோ, எனக்கு டிபி இல்ல சார்! எனக்கு வேற ஒரு ஊசி போடணும். அது எதிர்ப்புச் சக்தியைக் குறைச்சிடும். உள்ள டிபி கிருமி தூங்கிட்டிருந்தா முழிச்சுக்கும். அதான் முன்னாடியே பார்க்கறாங்க."

"தூங்குதுன்னா உள்ள இருக்குன்னுதானே அர்த்தம்?"

"இருக்கான்னு பார்க்கத்தான் சார் டெஸ்ட்டே! இருந்தாலும், தூங்கற வரைக்கும் யாருக்கும் ஒட்டாது."

"சரி, அந்த வேற ஊசி எதுக்கு?"

ஒரு வருடமாகக் கட்டிக்காத்த ரகசியம். வேறு வழியில்லை.

"குடல்ல புண் சார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போக வேண்டியிருக்கு."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மேசைமேல் இருந்த அறிவிப்பு மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. வரிசையில் நின்ற பயணிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மானம் போனாலும் வேலை போகக் கூடாதென்று, அன்று மதியமே டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தார். 'காசநோய் இல்லை என்று உறுதிசெய்யவே இப்பரிசோதனை' என்று எழுதியிருந்தது. மேலாளர் முதல் சொல்லோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார்.

நான்காம் கவுண்டர் மூடப்பட்டது. குமாஸ்தாவின் மேசை தாழ்வாரக் கோடியிலிருந்த பழைய பைல் அறைக்குப் போனது. கழிப்பறை இருந்ததோ மறு கோடியில். பத்துத் தடவையும் ஓட்டப்பந்தயம்.

"அக்கா, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று மூன்றாம் கவுண்டர் அம்மாளிடம் கெஞ்சினார்.

"அங்கேயே நின்னு பேசுங்க தம்பி," என்றாள் அவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை காலை, மேலாளர் உத்தரவுப்படி அலுவலகமே கிளினிக்கில் வரிசையாக நின்று கையில் வட்டம் போட்டுக்கொண்டது.

"இவரால நமக்கெல்லாம் தண்டனை! புதன்கிழமை தனியா ஒண்ணும் போக வேணாம். வியாழக்கிழமை காலைல எல்லாரும் ஒண்ணா போயிடலாம்," என்றார் மேலாளர்.

குமாஸ்தா தலையில் அடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை சிஸ்டர் அவர் கையைத் தடவி, ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். "வீக்கமே இல்ல, அப்போ கிருமியும் இல்ல. போன வாரம் எடுத்த எக்ஸ்ரேயும் சுத்தம். அடுத்த வாரமே உங்க ஊசியைப் போட்டுக்கலாம்."

குமாஸ்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூன்றாம் கவுண்டர் அம்மாள் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே வந்தாள். மற்றவர்களும் அப்படியே வந்தார்கள்.

கடைசியாக மேலாளர் போனார். வெகுநேரம் கழித்து, சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டே வெளியே வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குமாஸ்தாவை ஒட்டி உட்கார்ந்து காதோடு காதாகச் சொன்னார்:

"தம்பி, எனக்கு வீங்கியிருக்காம். ஆபீஸ்ல மூச்சு விட்டுடாதீங்க. நம்ம ஆளுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புரியாது, ஒதுக்கி வெச்சிடுவாங்க!"