ரத்தம் கசியும் தனி வீடு

அந்த வருஷம் காஞ்சிபுரத்தைப் பிடித்து ஆட்டிய பேய்க்குத் தனி வீடு என்று பெயர்.

ஊருக்குள் புதிது புதிதாக ஆபீஸ்கள் வந்தன, பேங்குகள் வந்தன. மாற்றலாகி வந்த உத்தியோகஸ்தர்களுக்கு ஒண்டுக்குடித்தனம் ஒத்துவரவில்லை. தனி வாசல், தனிக் கிணறு, தனிக் கொல்லை வேண்டும் என்றார்கள். அது இருந்தால் கேட்ட வாடகையைக் கொடுத்தார்கள். இது போதாதா? நகை வைத்திருந்தவன் நகையை விற்றான், நிலம் வைத்திருந்தவன் நிலத்தை விற்றான். நெசவாளி வீடு ஏதாவது விலைக்கு வந்தால், வாங்கியவன் முதல் காரியமாகத் தறிக்குழியில் மண்ணைக் கொட்டி மூடினான், மேலே சிமெண்ட் பூசினான், வாசலில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கவிட்டான். பணத்தைப் பெட்டியில் வைத்தால் தூங்கும், வீட்டில் போட்டால் மாசாமாசம் வேலைக்குப் போய்ச் சம்பளம் கொண்டுவரும் என்பது அந்த வருஷத்து டீக்கடை வேதாந்தம்.

சர்க்கரை சிந்திய இடத்துக்கு வரச்சொல்லி எறும்புக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை. மனையடிச் சித்தரும் அப்படித்தான் வந்து சேர்ந்தார். எந்த மலையிலிருந்து இறங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. இறங்கியவர் ஓரிக்கை போகும் சாலையில், கிணறும் கொல்லையும் உள்ள நல்ல தனி வீடாகப் பார்த்துத் தங்கினார். துறவிகளுக்கும் ஒண்டுக்குடித்தனம் பிடிப்பதில்லை போலும்.

ஒரு வீட்டுக்கு வாடகை யோகம் உண்டா இல்லையா என்று சித்தர் சுவரைக் கேட்டே சொல்லிவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். கமண்டலத்திலிருந்து மஞ்சள் தீர்த்தத்தை எடுத்துச் சுவரில் அடிப்பார். தீர்த்தம் மஞ்சளாகவே வழிந்தால் யோக வீடு. ரத்தச் சிவப்பாக மாறினால் தோஷ வீடு. தறிக்குழியை மூடின பாவம், தறியில் பாதியில் அறுந்த பாவு நூலின் சாபம், முடியாத பட்டுப்புடவை சுவருக்குள் உட்கார்ந்து அழுகிறது என்பார். காஞ்சிபுரத்தில் தடுக்கி விழுந்தால் தறிக்குழி. அதனால் சித்தரின் வாக்கு ஒருபோதும் பொய்த்ததில்லை.

விடிந்தால் அவர் வாசலில் சினிமாக் கொட்டகைக் கூட்டம், அதுவும் பக்தியில் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்த கூட்டம். தேங்காய்க்காரன் கூரையை மாற்றி ஓடு போட்டுவிட்டான். பி.ஏ. படித்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள், படிக்காதவர்கள் அவர்களைப் பார்த்துத் தைரியம் பெற்றுப் பின்வரிசையில் நின்றார்கள்.

தோஷத்துக்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, தங்கத்தால் தறி செய்து சித்தர் காலடியில் வைப்பது. வைத்தவர் வீட்டுக்கு மறுபடி வந்து, இந்தத் தடவை சந்தனத் தீர்த்தம் தெளிப்பார். சிவக்காது. அதற்கு வக்கில்லாதவர்கள் அந்தச் சாபத்தைத் தாங்கக்கூடிய ஜாதகக்காரரிடம் வீட்டைத் தள்ளிவிட வேண்டும். அப்படிப்பட்ட ஜாதகம் ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பெயர் அப்பாதுரை. வீட்டுத் தரகர். பாவம், ஊர்ச் சாபத்தையெல்லாம் பாதி விலைக்கு வாங்கி வாங்கியே அவர் பருத்துப்போனார்.

இந்த நேரம் பார்த்துத்தான் உமாபதியும் வீட்டுக்காரர் ஆனார்.

உமாபதி ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸை ஓட்டி ஓய்வு பெற்றவர். தினமும் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் வண்டியை எடுப்பார். ஒருநாள் வழியில் டயர் வெடித்தபோது, அன்றைய பழம் சொத்தையாக இருந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டினார். டயரும் சொத்தையாகத்தான் இருந்தது என்று மனைவி அம்சவேணி சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேலையிலிருந்து நின்றபோது கையில் வந்த பணத்தோடு மாகறலில் இருந்த துண்டு நிலத்தையும் விற்றுப் போட்டு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவு வீட்டை வாங்கினார். தாமும் அம்சவேணியும் பழைய ஒண்டுக்குடித்தனத்திலேயே இருந்துகொண்டு, தனி வீட்டை வாடகைக்கு விடுவதென்று திட்டம். அந்த வாடகைதான் இனி இருவருக்கும் சோறு. பிள்ளைகுட்டி இல்லை, கைநீட்ட வேறு இடமும் இல்லை.

குடிவர ஒரு நல்ல ஆளும் கிடைத்தார். யேசுதாஸ் என்று, ஆபீஸ் ஒன்றில் டைப் அடிக்கிறவர், குடும்பஸ்தர். வீடு பிடித்துவிட்டது. வெள்ளையடித்துக் கொடுத்தால் போதும் என்றார். ஆளுக்குக் கூலி கொடுப்பானேன் என்று அம்சவேணியே கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, பீப்பாயில் தண்ணீர் விட்டுத் தாளித்து, நீலம் கலந்து, கை பொத்துப்போக அடித்து முடித்தாள். சுண்ணாம்பு தீர்ந்துவிட்டதால் அடுப்பங்கரை மட்டும் பாக்கி. மற்ற சுவரெல்லாம் வெயிலில் காயவைத்த வேட்டி மாதிரி இருந்தது. அதைப் பார்த்து உமாபதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷம் தாங்காதபோது அவருக்கு உடனே பயம் வந்துவிடும். மனைவியிடம் சொல்லாமல் போய்ச் சித்தரைக் கூட்டிவந்துவிட்டார்.

சித்தர் வந்தால் தெருவும் கூடவே வரும். கூடத்துச் சுவரில் தீர்த்தம் விழுந்தது. மஞ்சள் நீர் எல்லார் கண்ணெதிரே சிவந்து வழிந்தது. அறைச் சுவரும் அப்படியே. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. உமாபதி அப்படியே, மூடின தறிக்குழியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, அலறியடித்துத் தள்ளி உட்கார்ந்தார்.

அம்சவேணி மட்டும் சுவரைப் பார்த்தாள், கமண்டலத்தைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். "அடுப்பங்கரையிலயும் கொஞ்சம் தெளிங்க சாமி" என்றாள்.

தெளித்தார். கரி பிடித்த அந்தப் பழைய சுவரில் தீர்த்தம் வெறும் மஞ்சளாக வழிந்தது.

"இது மட்டும் இன்னாத்துக்கு சாமி அழல?"

சித்தர் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார். "அங்கே அக்னி பகவான் காவல் இருக்கான். சாபம் கிட்டே வராது." கூட்டம் ஆகா என்றது. அப்படியானால் கூடத்திலேயே அடுப்பு மூட்டிவிட்டால் ஆயிற்றே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே அப்பாதுரை வந்தார். உமாபதி கொடுத்த விலையில் பாதியைச் சொன்னார், அதுவும் பழகின மனிதருக்காகத் தன் உயிரைப் பணயம் வைத்துச் சொல்வதாகச் சொன்னார். உமாபதி தலையாட்டினார். பௌர்ணமிக்கு மறுநாள் ரிஜிஸ்தர் என்று முடிவாயிற்று.

யேசுதாஸிடம் வீடு இல்லையென்று சொல்ல வேண்டியிருந்தது. உமாபதி காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். "செவுரு அழுதா அழட்டும் சார்" என்றார் யேசுதாஸ். "என் வீட்ல ரெண்டு பசங்க ராப்பகலா அழுதுக்கினு இருக்கானுங்க. அதோட இதையும் சேத்துக்கறேன்." கிறிஸ்து வேதக்காரருக்கு நம் சாபத்தின் வீரியம் எப்படித் தெரியும் என்று உமாபதி பரிதாபப்பட்டார்.

வீட்டில் அம்சவேணி சண்டை பிடிக்கவில்லை. அதுதான் அவருக்கு அதிக பயமாக இருந்தது. பாதிப் பணத்தில் எத்தனை நாள் ஓடும் என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். உமாபதி விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் வண்டியில் உட்கார்ந்து சேர்த்ததை ஒரு சொம்புத் தண்ணீரில் கரைத்துவிட்டோமே என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் சாபத்தோடு மோத முடியுமா?

பௌர்ணமிக்கு முதல்நாள் எதிர்வீட்டுப் பூவம்மாளின் மருமகள் பிறந்த வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு வந்து இறங்கினாள். ஆரத்தி கரைக்க அம்சவேணியைக் கூப்பிட்டார்கள். போனவள் திரும்பி வரும்போது தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். விரல் நுனி சிவந்திருந்தது.

"இன்னாங்க, ஆரத்தி எப்பிடிக் கரைக்கறாங்க, தெரியுமா?" என்றாள்.

அது பொம்பளைங்க சமாச்சாரம், தனக்கெதற்கு என்றார் உமாபதி. அவள் மேலும் சிரித்தாள். நாளைக்குப் பௌர்ணமி பூஜைக்குத் தானும் சித்தர் வீட்டுக்கு வருவதாகவும், சாமிக்குத் தன் கையால் ஆரத்தி எடுக்கப்போவதாகவும் சொன்னாள். கெட்ட புத்தி விலகிவிட்டது என்று உமாபதி நெஞ்சு குளிர்ந்தார். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவர் மனைவியைப் புரிந்துகொண்ட லட்சணம் அவ்வளவுதான்.

பூஜைக்காகச் சித்தர் வீட்டுக்கு முந்தினநாள்தான் வெள்ளையடித்திருந்தார்கள். மாவிலைத் தோரணமும் வாழைமரமுமாக வீடு கல்யாணக் களையில் இருந்தது. வீடு வைத்திருந்தவர்கள், வைக்கப்போகிறவர்கள், வைத்திருந்து பறிகொடுத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பாதுரை வாசலில் நின்று எல்லாருக்கும் விசிறிவிட்டுக்கொண்டிருந்தார். சித்தர் புலித்தோலின் மேல் எழுந்தருளினார்.

அம்சவேணி இடுப்பில் ஒரு சொம்பும் கையில் தாம்பாளமுமாக முன்னால் போனாள். பூவம்மாள்தான் முதலில் கவனித்தாள்.

"இன்னாம்மா அம்சா, தட்டு மஞ்சளா இருக்குது. சுண்ணாம்பு கலக்க மறந்துட்டியா?"

"மறக்கலக்கா" என்றாள் அம்சவேணி. "சுண்ணாம்புதான் சாமி செவுத்துல தாராளமா இருக்குதே."

சொல்லிக்கொண்டே தாம்பாளத்துத் தண்ணீரைச் சித்தர் தலைக்கு மேலாகச் சுவரில் வீசினாள்.

மஞ்சள் தண்ணீர் சுவரைத் தொட்டது. தொட்ட இடமெல்லாம் சிவந்தது. சித்தரின் தலைக்குப் பின்னால் ரத்தம் ஒழுகி, புலித்தோலுக்கு இறங்கி வந்தது. கூட்டம் வாயைத் திறந்தது, மூட மறந்தது. உமாபதிக்கு உயிரே போய்விட்டது. இவள் சாமி வீட்டிலேயே சாபத்தை எழுப்பிவிட்டாளே என்றுதான் அந்த மனிதருக்கு முதலில் தோன்றியது.

சித்தர் குதித்து எழுந்தார். செய்வினை, யாரோ சத்துரு செய்வினை வைத்துவிட்டான் என்று கத்தினார்.

"சத்துருலாம் இல்ல சாமி, நான்தான் வெச்சேன். நேத்து கடையில வாங்குன மஞ்சத்தூளு." அம்சவேணி இடுப்பிலிருந்த சொம்பைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள். "மிச்சம் இருக்குது. சந்தேகப்படறவங்க நீங்களே ஊத்திப் பாருங்க."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவம்மாள் வந்து சொம்பை வாங்கி எதிர்ச்சுவரில் ஊற்றினாள். சிவந்தது. அவ்வளவுதான், பெண்களிடையே ஒரு சிரிப்பு கிளம்பியது. கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் கரைத்துக் கரைத்து விரல் சிவந்தவர்கள் அத்தனை பேரும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது தெரியாத பெண் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியும் இல்லை. தாம்பாளத்தில் தெரிந்தது சுவரில் தெரியாமல் போய்விட்டது, அவ்வளவுதான் சித்தரின் சித்து.

சித்தர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். கடைச் சரக்கும் தம் தீர்த்தமும் ஒன்றா என்று கேட்டார்.

அப்போதுதான் உமாபதி எழுந்தார். நாளைக்கு ரிஜிஸ்தர், நாளைக்குப் பிறகு சோற்றுக்கு வழியில்லை என்ற நினைப்பு அவரைப் பின்னாலிருந்து தள்ளியது. விறுவிறுவென்று போய்ச் சித்தரின் கமண்டலத்தையே தூக்கினார். வெள்ளைச் சுவரில் ஒரு கை அடித்தார். சிவந்தது. கொல்லைப்பக்கம் ஓடினார், கூட்டம் பின்னாலேயே ஓடியது. அங்கே சாணி மெழுகிய மாட்டுக்கொட்டாய்ச் சுவரில் மிச்சத்தைக் கவிழ்த்தார். மஞ்சளாகவே வழிந்தது.

"சாமி" என்று உமாபதி சத்தமாகக் கூப்பிட்டார். "உங்க மாட்டுக்கொட்டாய்க்கு வாடகை யோகம் இருக்குது. உங்களுக்குத்தான் இல்ல."

அதன்பிறகு கூட்டத்துக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான் விற்ற வீட்டில் இப்போது குடித்தனம் நடக்கிறதே, அவர்களுக்கு மட்டும் சுவர் அழவில்லையா என்று ஒருவர் அப்பாதுரையைக் கேட்டார். விசிறியைப் போட்டுவிட்டு நழுவப் பார்த்த அப்பாதுரையின் வேட்டி நாலு பேர் கையில் சிக்கியது. சாபம் தாங்கும் ஜாதகம் அன்று நன்றாகவே தாங்கியது. நாலு அடி விழுந்ததும், சித்தர் அப்பாதுரையின் மச்சான்தான் என்ற உண்மை வெளியே வந்தது. போலீஸ் வந்தது. வீட்டை விற்றவர்களில் சிலருக்கு வீடு திரும்பியது. மற்றவர்கள் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள், இந்த முறை செருப்போடு.

யேசுதாஸ் குடும்பத்தோடு குடிவந்தார். பிள்ளைகள் இருவரும் சொன்னபடியே அழுகிறார்கள். சுவர் அழுததாகப் புகார் இல்லை. மறுபடி வெள்ளையடித்தபோது கூடத்துச் சுவரில் வாசலை ஒட்டிய சிவப்புத் திட்டு ஒன்றை மட்டும் அம்சவேணி வேண்டுமென்றே விட்டுவைத்தாள். முதல் மாச வாடகை கைக்கு வந்த அன்று உமாபதி அழுதார். மிளகாய் நெடி என்று சொன்னார், அடுப்பில் அப்போது வெறும் பால்தான் இருந்தது.

இரண்டாவது மாச வாடகை வாங்க அம்சவேணி தனி வீட்டுக்குப் போயிருந்தபோதே அவர் ஒரு புதுச் செய்தியோடு அங்கே வந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சாமியார் வந்திருக்கிறாராம், கிணற்றில் வெற்றிலை போட்டே தனி வீட்டின் ஆயுளைச் சொல்கிறாராம், காலையிலிருந்து நல்ல கூட்டமாம். சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று தலையைச் சொறிந்தார்.

அம்சவேணி வாசலை ஒட்டிய சிவப்புத் திட்டைக் காட்டினாள்.

"போறதுன்னா போங்க. போறதுக்கு முன்ன இதுகிட்ட நின்னு கொஞ்ச நேரம் யோசிங்க. யோசிக்கறதுக்கு எவனும் வாடகை கேக்கறதில்ல."