சீர்க்குதிரையும் ஒரு கொக்கி ஆணியும்

ஒரு வேலையைப் பற்றிக் கட்டுரை மொழிபெயர்த்தவனிடம் அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும்; என் குடும்பத்துக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அப்போது ரங்கூனில் ஒரு வாரப் பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். வண்டிக்குப் பின்னால் டிரெய்லரைக் கட்டிப் பத்திரமாக இழுப்பது எப்படி என்று முக்கால் பக்கம் மொழிபெயர்த்து எழுதியிருந்தேன். (எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.)

அந்த மாதம்தான் அக்கா மகனுக்கு ஷின்பியூ. பர்மியப் பையன்கள் சில நாள் துறவியாகும் சடங்கு. இளவரசன் வேடத்தில் குதிரையேறி மடத்துக்குப் போக வேண்டும். அத்தான் பர்மியர். அப்பாவுக்கு அந்தக் கல்யாணம் பிடிக்காததால் எங்கள் பக்கமிருந்து அவர்கள் வீட்டுக்கு ஒரு தட்டுகூடப் போனதில்லை. இந்த முறை குதிரை தாய்மாமன் சீராக வரும் என்று அக்கா மாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

ஆற்றுக்கு அக்கரையில் த்வாண்டேயிலிருந்து குதிரை படகில் போட்டாதாங் துறைக்கு வந்தது. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் இருக்கும் அக்கா வீடு வரை நடத்தியே கூட்டிப் போகலாம் என்றார் குதிரைக்காரர் கோ டின். சீர் நடந்து வருவதா? காதர் பாயின் பிக்கப்பைப் பிடித்தேன். அதன் முதுகில் தங்கக் காகிதம் ஒட்டிய மூங்கில் மண்டபம். மண்டபத்துக்குள் சீர்த்தட்டுகள், மூன்று அத்தைகள், ஒரு மேளக்காரர். பின்னால் இரவல் டிரெய்லரில் குதிரையும் கோ டின்னும். மண்டபம் மறைத்ததால் பாய்க்குக் கண்ணாடியில் எதுவும் தெரியாது. டிரெய்லரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கொக்கியோடு சங்கிலியும் மாட்ட வேண்டும் என்று நானே எழுதியிருந்தேன். சங்கிலி கிடைக்கவில்லை. கயிறு சீர்த்தட்டுகளைக் கட்டப் போய்விட்டது.

பிக்குகள் நண்பகலுக்குள் சாப்பிட்டாக வேண்டும். அதற்கு முன் ஊர்வலம் மடம் சேர வேண்டும். நேரம் இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கிப் போனேன். டிரெய்லரை வண்டியோடு பிணைக்கும் கொக்கி ஆணி லேசாக ஆடுவதுபோல் பட்டது. தேய்ந்திருக்கிறதா என்று உருவிப் பார்த்தேன். தேயவில்லை. நல்ல ஆணி. அதற்குள் ரயில் போய்க் கேட் திறந்து, பின்னால் நின்ற பஸ்கள் ஹாரனை அழுத்தின.

"ஏறு தம்பி, திட்டுறானுங்க" என்றார் பாய். ஓடி வந்து ஏறினேன்.

அதன்பின் வண்டி சுகமாக ஓடியது. (அப்போதாவது யோசித்திருக்கலாம்.) கட்டுரையில் உள்ளபடி செய்தால் ஆட்டமே இருக்காது என்று பாயிடம் விளக்கிக்கொண்டு வந்தேன். கோ டின் கத்தியிருக்கிறார். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

வாசலில் மேளம் முழங்க இறங்கினோம். அத்தானின் அம்மா மண்டபத்தைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

"குதிரை எங்கேடா?"

ஆணி என் கையிலேயே இருந்தது.

திரும்பினோம். கேட் மறுபடி மூடியிருந்தது. காத்திருந்து தாண்டினால், டிரெய்லர் மூக்கைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றது. உள்ளே யாருமில்லை. டீக்கடை டீக்கடையாக விசாரித்தோம். ஒருவர் மட்டும் அக்கறையாக, குதிரை என்ன நிறம் என்று கேட்டார். பாய் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை.

ஓய்ந்துபோய்த் திரும்பியபோது வீடு காலி. கோ டின் சந்து வழியாக நடந்தே குதிரையைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். ஊர்வலம் போய், பிக்குகள் சாப்பிட்டும் முடித்திருந்தார்கள். கடிவாளம் பிடிக்க மாமன் இல்லாததால் ஒரு பக்கம் அக்கா பிடித்தாளாம். மறுபக்கம், யாரும் கேட்காமலே, அவள் மாமியார். புகைப்படங்களில் எல்லோரும் இருக்கிறார்கள். குதிரை பழுப்பு நிறம்.

பல வருஷம் கழித்து அந்தப் பையனுக்குக் கல்யாணம். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது. ஆனாலும் அம்மாவிடம் கேட்டுப் பழகிக்கொண்டு போனில் தமிழிலேயே சொன்னான்:

"மாமா, சீர் வேண்டாம். நீங்க மட்டும் நடந்து வாங்க."