பாபகூராவில் விழுந்த ஜோத்பூர்க் கோட்டை

எழுத்து என் வேலை அல்ல. பத்தாம் வகுப்போடு நின்றவன். கூட்டமென்றால் கதிரை காலியாக இருந்தாலும் சுவரோடு நிற்கிறவன். நானும் எழுத வந்ததைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறுகளில், நாடு விட்டு வந்த புதிதில், புக்கெகோஹி என்ற ஊரில் மரக்கறி பொதி செய்யும் கொட்டகையில் வேலை செய்தேன். பக்கத்து மேசையில் வசந்தி. தமிழ்நாட்டுப் பெண். தகப்பன் ராணுவத்தில் இருந்ததால் ஜோத்பூரில் வளர்ந்தவள். கரட் தரம் பிரித்தபடியே அந்த ஊரைச் சொல்வாள்.

"எங்க வீட்டு மாடில நின்னா கோட்டைதான். மலை எங்க முடியுது, சுவர் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. யானை முட்டி உடைக்கக் கூடாதுன்னு கதவுல இரும்பு முள்ளு. அது ஓடி வந்து முட்ட முடியாதபடி வாசல்கிட்ட பாதை சடார்னு திரும்பும். இனி எப்போ பார்ப்பேனோ."

"ஓம்," என்பேன். (இரண்டு வருடத்தில் அவளோடு நான் கதைத்ததில் பெரும்பகுதி இதுதான்.)

அவள் குடும்பம் பிரிஸ்பேனுக்குக் குடிபெயரப் போகிறது என்று தெரிந்தது. அதற்கு முதல்நாள் பக்கத்து ஊரான பாபகூராவில் தீபாவளி விழா. அவளுடைய ராஜஸ்தான் நடனமும் உண்டு. விழா நடத்திய சிவம் அண்ணை மேடை அலங்காரத்துக்கு ஆள் கேட்டார். என் கை என்னைக் கேட்காமலே உயர்ந்தது. போவதற்குள் அந்தக் கோட்டையை அவளுக்கு ஒருமுறை காட்டிவிட வேண்டும். நான் சொல்லாததையெல்லாம் அது சொல்லிவிடும் என்று நம்பினேன்.

நூலகத்துப் படப் புத்தகத்தைப் பார்த்து, வெங்காயப் பெட்டிகளால் மதில் எழுப்பினேன். அரண்மனைப் பெண்கள் மறைந்திருந்து பார்க்கும் கல்வலை ஜன்னல்களைக் காட்போட் மட்டையில் கத்தியால் வெட்டினேன். கதவு முள்ளுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்த கரட். அந்தத் திருப்பத்தையும் விடவில்லை.

"தம்பி, இதுக்குள்ளால ஆள் வருமே?" என்றார் சிவம் அண்ணை.

"யானைதான் அண்ணை வராது."

ராஜஸ்தான் பாவாடையின் சுற்றளவை நான் யோசிக்கவில்லை. வசந்தி ஆடியபடி வாசலால் வர, திருப்பத்தில் அது கரட்டில் மாட்டியது. அவள் இழுத்தாள். கதவு கூடவே வந்தது. கதவோடு மதிலும்.

மதிலைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டிருந்தவன் நான். வேர்வைக்குச் சேர்ட்டைக் கழற்றி வைத்திருந்தேன். முழு மண்டபத்தின் முன்னால், பனியனோடு, இரண்டு கையையும் விரித்தபடி நின்றேன்.

"பீரங்கி தாங்கின கோட்டை, பாவாடை தாங்கேல்லை," என்றார் சிவம் அண்ணை. ஒலிவாங்கி அவர் கையில் இருந்தது.

மேடைக்குப் பின்னால் ஒரு பெட்டியில் உட்கார்ந்து வசந்தி சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

"அந்தத் திருப்பம் அப்படியே இருந்துச்சுங்க. ஒரு நிமிஷம் ஊருக்குப் போயிட்டு வந்தேன்."

"ஓம்."

"வேற ஏதாவது சொல்லுங்களேன்."

எவ்வளவோ இருந்தது. "பெட்டியெல்லாம் திருப்பிக் குடுக்கோணும்," என்றேன்.

என் மனைவிக்கு இந்தக் கதை முழுவதும் தெரியும். இன்றைக்கும் நான் சுவரில் சாமான் வைக்க ஒரு தட்டு அடித்தால், "பின்னால நிண்டு பிடிச்சுக்கொண்டிருக்கப் போறியளோ?" என்று கேட்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

விழாவுக்கு மறுநாள் மழை. வசந்தியின் குடும்பம் மதிய விமானத்தில் போனது. நான் வேலைக்குப் போனேன்.