அப்பா குனிந்து பார்த்த பந்து

நான் உலகத் தரவரிசையில் இருந்த டென்னிஸ் வீரன். சிரிக்காதீர்கள், சத்தியமாக இருந்தேன். (பட்டியலில் என் பெயரைத் தேடிப் பிடிக்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.) அந்த வீர வாழ்க்கை முடிந்தது நான் சொன்ன ஒரு பொய்யில்.

அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் லாரித் தொழில். என் ராக்கெட், ரயில், ரூம் எல்லாவற்றையும் மூன்று வருடம் சுமந்தது அந்த லாரிதான். "இந்தத் தடவ மெயின் ரவுண்டுக்குப் போகலீன்னா ஆட்டத்தையே உட்டுட்டு வந்தர்றேனுங்கப்பா" என்று நானே வாய்விட்டிருந்தேன். அந்தத் தகுதிச் சுற்று ஆட்டத்தைப் பார்க்க அப்பா முதல்முறையாகப் புனே வரை வந்தார், ஒரு பை நிறைய முறுக்கோடு.

செம்மண் தளம். தகுதிச் சுற்றில் கோட்டைப் பார்க்க ஆள் கிடையாது. நம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமேதான் சொல்ல வேண்டும். எதிராளிக்கு இன்னும் ஒரே புள்ளி, நான் காலி. அவன் அடித்த பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "அவுட்!" என்று கத்தினேன்.

"உள்ளதான சாமி உளுந்துச்சு!"

அடப்பாவமே, அப்பா! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தளத்துக்குள் வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பந்தின் தடத்தை விரலால் தொட்டார். "முப்பது வருசமா மண்ணு பாக்கறனப்பா, எனக்குத் தெரியாதா?"

எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக இருந்த ஒரே நடுவர் ஓடிவந்து, "யார் இவர்?" என்றார். (தெரியாது என்று சொல்லிவிடலாமா என ஒரு நொடி யோசித்தேன்.) அப்பாவை வெளியேற்றிவிட்டு, "பார்வையாளர் பேச்சு செல்லாது. உன் முடிவு என்ன?" என்று கேட்டார்.

வேலிக்கு வெளியே விரலில் செம்மண்ணோடு அப்பா நின்றார். முகத்தில் கோபமே இல்லை. பையனுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தார், பாவம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"உள்ளே" என்றேன். தோற்றேன்.

ஊர் திரும்பியதும் அப்பா முதல் வேலையாக என்னை நாமக்கல்லில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனார். "பையனுக்குக் கண்ணு பளிச்சுனு இருக்குதுங்க" என்றார் டாக்டர். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். ஃபீஸைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

சொந்தபந்தம் விசாரித்தபோது, "கண்ணு கொஞ்சம் மங்கலுங்க, அதான் உட்டுட்டான்" என்றார். பொய்யே சொல்லாத மனுஷன் எனக்காகச் சொன்னது அது ஒன்றுதான். அந்த நன்றிக்கு இந்த ஜென்மம் போதாது.

இப்போது குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லித் தருகிறேன். எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் என் இலையில் மட்டும் பொன்னாங்கண்ணிக் கீரை மலையாகக் குவிகிறது. பக்கத்து இலையிலிருந்து அப்பா சிரிக்காமல் சொல்வார்: "நல்லாத் தின்னு சாமி, கண்ணுக்கு நல்லது."

"ஆமாங்கப்பா" என்று வழித்துச் சாப்பிட்டுவிடுகிறேன்.