எண்பது கிலோ நைனா

வண்டிக்கு எதையாவது வாங்கி மாட்டிவிட்டு, குடும்பத்தின் மேல் பாசம் காட்டிவிட்டதாக நினைக்கிற ரகம் நான். ஒத்துக்கொள்கிறேன்.

நைனாவுக்குத் திருப்பதியில் வயிற்று ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். புத்தூரிலிருந்து பஸ் இருக்கிறது. "தையல் போட்ட வயிறு, பஸ்லயே போங்க" என்றாள் மனைவி. நான் கேட்பேனா? சித்தூருக்குப் போய், பைக் குலுங்காமலிருக்க உசத்தியான ஷாக்கப்சர் ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பின்னால் உட்காருகிறவர் எத்தனை கிலோ என்று மெக்கானிக் தெலுங்கில் கேட்டார். யோசிக்கவே இல்லை. "எண்பது" என்றேன். ஆள் கனமானால் ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டுமாம்; அந்தக் கணக்குக்கு இறுக்கினார்.

சோதனை செய்யாமல் நைனாவை ஏற்றுவேனா! இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை மூன்றைப் பின்சீட்டில் கட்டி, ஊரை நாலு சுற்று வந்தேன். ("இன்னாடா, கடை வெச்சிக்கினியா?" என்று கேட்டவர்கள் மூன்று பேர்.) வண்டி மிதந்தது. மூட்டைகளிடமிருந்து ஒரு புகாரும் இல்லை.

மறுநாள் காலை நைனா ஏறினார். முதல் ஸ்பீடு பிரேக்கரில் அவர் தாடை என் ஹெல்மெட்டில் இடித்தது. இரண்டாவதில் என் சட்டைக் காலர் அவர் கைக்குப் போனது. வடமாலப்பேட்டை தாண்டியதும், "நிறுத்துடா" என்றார்.

"வலிக்குதா நைனா?"

"வலியில்ல. நான் மேல போய் கீழ வர்றதுக்குள்ள, வண்டி முன்னால போய்க்கினு கீது."

மீதித் தூரத்தை மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவரை எடை மிஷினில் நிறுத்தி, ஐம்பத்திரண்டு என்று எழுதினார்.

"மிஷின் ரிப்பேரு போல" என்றேன். அவர் இறங்கியதும் நானே ஏறிப் பார்த்தேன். எழுபத்தொன்று. எப்போதும் இருக்கிற என் எடைதான். மிஷினில் ஒரு கோளாறும் இல்லை.

தினமும் எதிரில் உட்கார்ந்து ஒன்றாகத் துன்னுகிறோம். இருபத்தெட்டு கிலோ போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. அந்த வராண்டாவில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

தையல் நன்றாக ஆறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் என் முகம் சரியாகவில்லை.

"ஏன்டா ஒரு மாதிரி கீற?"

"உன்ன எண்பது கிலோன்னு மெக்கானிக்கு கிட்ட சொல்லிட்டேன் நைனா."

"அவன் கிட்ட தான? பொண்ணு குடுக்கறவங்க கிட்ட சொல்லலியே, வுடு."

அவரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அதன் பின்னாலேயே வீடுவரை வந்தேன். அன்று மாலையே ஸ்பிரிங்கைக் கடைசி வரைக்கும் தளர்த்தினேன்.

இப்போதெல்லாம் வண்டியில் ஏறுமுன் நைனா தன் எடையைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். வீடே சிரிக்கும். போன வாரம், "அம்பத்தாறு!" என்றார். நான் ஸ்பேனரை எடுத்து ஸ்பிரிங்கை ஒரு படி இறுக்கினேன்.

"நாலு கிலோவுக்கெல்லாம் தேவையில்லீங்க" என்றாள் மனைவி.

தேவையில்லைதான். எனக்குத் தெரியாதா?