பூட்டிய வீட்டுக்குள் ஐரோப்பா

பாரிஸில் இருக்க வேண்டிய சக்கரபாணி, திருவண்ணாமலையில், வெளியே பூட்டுத் தொங்கிய தன் சொந்த வீட்டுக் கூடத்தில் தும்மினார்.

ஒரு தும்மலோடு நின்றிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. தாலுகா ஆபீஸில் இருந்த காலத்தில் கையெழுத்தைக்கூட மூன்று சுழியோடுதான் போடுவார். மூன்றாவது தும்மலில் ஜன்னல் கதவு அதிர்ந்தது.

தெருவில் பால் செம்போடு போய்க்கொண்டிருந்த உண்ணாமலை நின்றுவிட்டாள்.

“இன்னாம்மா இது, ஆளில்லாத வூட்ல தும்மற சத்தம் கேக்குது?”

அடுத்த வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வஜீதா முறத்தைக் கீழே வைத்தாள். யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது.

“ரேடியோ. அணைக்காம போயிட்டாங்க போல.”

“ரேடியோ எங்கனா தும்முமா?”

“நாடகம் ஓடுது.”

உள்ளே, ஜோதியம்மாள் கணவரின் வாயைத் துண்டால் பொத்தியிருந்தாள்.

“கோட்டைக் கழட்டுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று கிசுகிசுத்தாள்.

“தெச்சு வெச்சிருக்கே. போட்டுப் பாக்கக் கூடாதா?”

அக்கினி நட்சத்திரம். பகலெல்லாம் மலை குடித்த வெயில் ஊருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் அவர் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார். அப்துல் பாய் ஐரோப்பாவுக்கென்றே தைத்துக் கொடுத்தது. பையில் கிடந்த பாச்சை உருண்டைதான் தும்மலுக்குக் காரணம்.

“ஓடினா ஓடட்டும்னு வுட்டா வூடே பத்திக்கும்,” என்றாள் வெளியே உண்ணாமலை. “தொறந்து அணைச்சிட்டு வா. நான் பாத்துக்கினு நிக்கறேன்.”

வஜீதா பூட்டைத் திறந்து உள்ளே வந்தாள். கூடத்தில் நின்ற இருவரையும் பார்த்தாள். ஓடாத ரேடியோவின் திருகை ‘டக்’கென்று சத்தம் கேட்கும்படி திருப்பினாள்.

“அக்கா, ரேடியோ போச்சு. அடுத்த தும்மலுக்கு நான் எங்க போவேன்?” என்று கேட்டுவிட்டு, வெளியே போய்ப் பூட்டினாள்.

எல்லாம் மகன் மூர்த்தியால் வந்தது. அவனுக்கு மெட்ராஸில் ஒரு விமானக் கம்பெனியில் வேலை. குடும்பத்தோடு போய்வர டிக்கெட் கொடுத்தார்கள். லண்டன், பாரிஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து. அப்பா, அம்மா, அவன், தங்கை பொன்னி என்று நால்வரும் போவதாக ஏற்பாடு. பொன்னிக்கு அப்போதுதான் போளூரில் அரிசி மில் வைத்திருந்த குடும்பத்தில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ஜெர்மனியில் மெஷின் வேலை பழகப் போயிருந்தான். அங்கேதான் சிக்கல். அவன் அம்மா ராஜம்மாள் தட்டு மாற்றும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் கூடப் போறதாலதான் ஒத்துக்கறேன். பெரியவங்க இல்லாம ரெண்டும் அங்க சந்திச்சு ஊர் சுத்துச்சுன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அந்தப் பொண்ணு எங்களுக்கு வேணாம்.”

மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற விமானத்தைப் பார்த்ததும் சக்கரபாணியின் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டன.

“இவ்ளோ பெருசு எப்படி மேல போவும்?” என்றார்.

மூர்த்தி விளக்கினான். விளக்க விளக்க அவருக்கு வியர்த்தது. கடைசியில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழ மறுத்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களை ஜோதியம்மாளால் பார்க்க முடியவில்லை.

“நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க,” என்றாள். “நாங்க மைசூர்ல சித்தி வீட்ல இருந்துக்கறோம். நீங்க திரும்பி வந்ததும் நாலு பேரும் ஒண்ணா ஊருக்குப் போவோம். யாருக்கும் தெரியாது.”

அவளுக்குப் போக ஆசை இருந்தது. சக்கரபாணிக்கு ஐரோப்பா போகும் ஆசை என்றைக்குமே இருந்ததில்லை. போய்விட்டு வந்தவராக இருக்கும் ஆசைதான் இருந்தது.

மைசூரில் சாம்பாரில் வெல்லம் போட்டார்கள். இரண்டு வேளைக்குமேல் அவர் தாங்கவில்லை. ஊர் எழுந்திருக்கும் முன் பஸ்ஸில் வந்து இறங்கி, வஜீதாவை எழுப்பி, வீட்டுக்குள் புகுந்துகொண்டு வெளியே பூட்டச் சொன்னார்கள். வஜீதா வீட்டில் மசாலா வறுக்கும் நேரத்தில்தான் ஜோதியம்மாள் தாளிப்பாள். இரண்டு வாசனையும் ஒன்றாகக் கலந்து வஜீதாவின் கணக்கில் சேர்ந்துவிடும். அவள் கணவர் நசீருதீனுக்கே, தன் வீட்டில் கொஞ்ச நாளாக ஏன் பிரியாணியில் பெருங்காயம் மணக்கிறது என்று புரியவில்லை.

பிறகு நேர்ந்ததை ஜோதியம்மாள் எதிர்பார்க்கவில்லை. பூட்டிய வீடு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. யாரும் கூப்பிடவில்லை. கோலம் கோணலாக இருக்கிறதென்று யாரும் சொல்லவில்லை. இந்தத் தெருவில் அவள் வாழ்ந்த காலமெல்லாம் யாராவது பார்த்துக்கொண்டே இருந்த காலம்தான் என்பது, பார்க்க ஆளில்லாதபோதுதான் தெரிந்தது. மதியத்தில் தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு வெறும் தரையில் படுப்பாள். பொன்னியைப் பற்றி நினைப்பாள். அப்பா அம்மா இல்லாத இடத்தில் பொன்னி எப்படிச் சிரிப்பாள்? எப்படி நடப்பாள்? அந்தப் பொன்னியைத் தான் பார்த்ததே இல்லை, பார்க்கவும் முடியாது என்று தோன்றியது. தான் பக்கத்தில் போய் நின்றால் அவள் வேறு பொன்னியாகிவிடுவாள்.

சக்கரபாணி அப்படியெல்லாம் நினைக்கவில்லை. மூர்த்தியின் பழைய பள்ளிக்கூட அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்.

“பாரிஸ்ல என்ன பாத்தீங்கன்னு சம்பந்தியம்மா கேட்டா?” என்பாள் ஜோதியம்மாள்.

“இரும்புக் கோபுரம்.”

“எப்படி இருந்துச்சு?”

“உயரமா.”

“நம்ம ராஜகோபுரத்தைவிடவா?”

அவர் தயங்குவார். ஊர்ப்பாசம் குறுக்கே வரும். “உயரம் ஜாஸ்தியா இருக்கலாம். ஆனா பொம்மை ஒண்ணுகூட கிடையாது.”

கோட்டைக் கழற்றியும் தும்மல் போகவில்லை. மறுநாள் அட்லஸின் தூசி அந்த வேலையைச் செய்தது. உண்ணாமலை சரியாக ஜன்னலுக்குக் கீழே நின்றிருந்தாள்.

“இன்னா, திரும்பவும் நாடகமா?”

“பூனை,” என்றாள் வஜீதா. “உள்ள ஒரு பூனை மாட்டிக்கிச்சு.”

“அப்ப நேத்து நாடகம்னியே?”

“நேத்து நாடகம். இன்னிக்குப் பூனை.”

“அய்யய்யோ! பட்டினி கெடந்து செத்தா பாவமாச்சே. பூனைப் பாவம் சும்மா வுடாதும்மா.” உண்ணாமலை சாத்தியிருந்த ஜன்னலின் கம்பியில் முகத்தை வைத்து, கனிவோடு “மியாவ், மியாவ்” என்று கூப்பிட்டாள்.

உள்ளே ஜோதியம்மாள் கணவரின் விலாவில் இடித்தாள். அவர் அவளைப் பார்த்தார். முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். ரிட்டயர்டு ஹெட்கிளார்க். கண்களை மூடிக்கொண்டு, “மியாவ்,” என்றார்.

“நல்லா பெரிய பூனை,” என்றாள் உண்ணாமலை.

அன்றிலிருந்து தினமும் ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம் பால் வைத்துவிட்டுப் போனாள். வந்த நாளிலிருந்து கடுங்காபி குடித்துக்கொண்டிருந்த சக்கரபாணிக்கு நல்ல காபி கிடைத்தது. அப்புறம் ஜோதியம்மாள் இடிக்க வேண்டியிருக்கவில்லை. பால் வரும் நேரம் தெரிந்து தானே ஜன்னலடிக்குப் போய்விடுவார்.

“கொஞ்சம் கம்மியா கத்துங்க,” என்பாள் அவள்.

“கம்மியாக் கத்தினா பாலும் கம்மியாத்தான் வரும்.”

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் காலை, குதிரை வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. ஜோதியம்மாள் ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். ராஜம்மாள் இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் பூஜைக் கூடையோடு அவள் கணவர் காசி. தட்டு மாற்றிய அன்றும் அவர் வாயைத் திறந்ததில்லை. அவருக்கும் சேர்த்து ராஜம்மாள்தான் பேசுவாள்.

“நீங்கதான வஜீதா? வூட்டுச் சாவி குடுங்கம்மா. கோயிலுக்குப் போறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறோம். சாவி பக்கத்து வூட்லதான் இருக்கு, தாராளமா தொறந்து இருந்துட்டுப் போங்கன்னு சம்பந்தியம்மாவே சொன்னாங்க.”

நான் எப்போது சொன்னேன்? ஜோதியம்மாளுக்கு முகம் சிவந்தது. என்ன கூசாத பொய்! ஐரோப்பாவில் இருப்பதாகச் சொல்லிவிட்டுச் சமையலறைச் சுவரோரம் ஒளிந்திருக்கும் தனக்கு, இன்னொருத்தியின் பொய்யில் இவ்வளவு ஆத்திரம் வருவது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. ஆனாலும் ஆத்திரம் குறையவில்லை.

“சாவி...” என்றாள் வஜீதா. “தொலைஞ்சு போச்சும்மா.”

“அன்னிக்கு ரேடியோ அணைக்கத் தொறந்தியே?” என்றாள் அங்கே வந்து சேர்ந்த உண்ணாமலை.

“அதுக்கப்புறம்தான் தொலைஞ்சுது.”

“தொலைஞ்சா இன்னா, பூட்டை ஒடச்சிடலாம்,” என்றாள் ராஜம்மாள். “புதுசா ஒண்ணு நானே வாங்கி மாட்டிட்டுப் போறேன். சம்பந்தி வூடுதான?”

“ஒடைங்கம்மா, புண்ணியமாப் போவும்!” உண்ணாமலைக்கு உற்சாகம் வந்துவிட்டது. “உள்ள ஒரு ஜீவன் மாட்டிக்கினு கெடக்குது.” யாரும் தடுப்பதற்குள் தன் வீட்டிலிருந்து குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

முதல் அடியில் வீடு அதிர்ந்தது.

“பின்பக்கச் சுவர் ஏறிடலாமா?” என்றாள் ஜோதியம்மாள்.

சக்கரபாணி சுவரைப் பார்த்தார். மீனம்பாக்கத்தில் விமானத்தைப் பார்த்த அதே பார்வை. பிறகு திடீரென்று அறிவு உதித்தவர்போல முன்கதவுக்கு ஓடினார். பூட்டு கழன்று விழும் சத்தமும், உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

“போட்டுட்டேன்!” என்று வெற்றியோடு கிசுகிசுத்தார்.

வெளியே கதவைத் தள்ளினார்கள். கதவு அசையவில்லை.

“உள்ள தாப்பாப் போட்டிருக்குது,” என்றாள் ராஜம்மாள் மெதுவாக.

“பூனை போட்டிருக்குமோ?” என்றாள் உண்ணாமலை.

என்ன செய்வதென்று தெரியாமல் சக்கரபாணி மனைவியைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில், “மியாவ்,” என்றார்.

ஜோதியம்மாள் எழுந்தாள். கூந்தலை முடிந்துகொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பயம் வரும் என்று காத்திருந்தாள், வந்தது களைப்புதான். இத்தனை நாள் யாரும் பார்க்காமல் இருந்த முகத்தை மறுபடியும் தெருவுக்குக் கொடுக்க வேண்டும். அதைவிட, பொன்னியின் கல்யாணம் இந்தத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. கதவைத் திறந்தாள்.

ராஜம்மாள் ஒரு அடி பின்னால் போனாள். “நீங்க... வெளிநாட்ல...”

அதற்குள் சக்கரபாணி கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“இப்பதான் வந்து எறங்கினோம்,” என்றார்.

“பூட்டின வூட்டுக்குள்ளயா?” என்றாள் உண்ணாமலை.

“நீங்க சும்மா இருங்க,” என்று ஜோதியம்மாள் கணவரிடம் சொன்னாள். பிறகு ராஜம்மாளின் முகத்தைப் பார்த்து, விமான நிலையத்தில் தொடங்கி மைசூர் சாம்பார் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பூனையை மட்டும் சொல்லவில்லை. அது உண்ணாமலைக்குத் தானாகவே விளங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப அந்தப் பொண்ணு பெரியவங்க இல்லாமத்தான் அங்க சுத்திக்கினு இருக்கா,” என்றாள் ராஜம்மாள்.

“அண்ணன் கூட இருக்கான்.”

“அண்ணன் பெரியவனா? இருபத்தஞ்சு வயசுப் புள்ள பெரியவனா? தட்டு மாத்தும்போதே சொன்னேனா இல்லையா? என் புள்ள இருக்கற ஊரு. நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“தப்பு எங்களோடது. போகச் சொன்னதே நான்தான். பொண்ணு மேல கோவம் வெச்சுக்காதீங்க.” ஜோதியம்மாளின் குரல் அப்போதுதான் உடைந்தது.

“எங்கிட்ட மறைச்சவங்க வூட்ல நான் எப்படிப் பொண்ணு எடுப்பேன்?” ராஜம்மாள் கூடையைக் கணவரின் கையிலிருந்து பிடுங்கினாள். “இதப் பாருங்க, இந்தச் சம்பந்தம் இத்தோட...”

காசி தொண்டையைச் செருமினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் அந்தத் தெருவுக்குத் தெரிந்தது.

“இரு ராஜம். இவங்க இங்கயேதான் இருந்தாங்கன்னா, முந்தாநாள் நம்ம பையன் ஜெர்மனிலேர்ந்து மில்லுக்குப் போன் பண்ணி, ‘சம்பந்தியம்மா பேசறாங்க’ன்னு குடுத்தானே, சாவி பக்கத்து வூட்ல இருக்கு, தை மாசம் வரைக்கும் எதுக்கு, கல்யாணத்த ஆவணியிலயே வெச்சிடலாம்னு உங்கிட்ட அவ்ளோ நேரம் பேசுனது யாரு?”