பிளஸுக்குப் போன பரிசம்

மலையில் பிறந்தவளுக்குக் குரல் சின்னதாக இருந்தால் பிழைப்பு ஓடாது. நான் இந்த மலையில் நின்று கூப்பிட்டால் எதிர்மலையில் தேயிலைக் கொழுந்தெடுப்பவள் நிமிர்ந்து பார்ப்பாள். அப்படிப்பட்டவள் கையில் மைக்கையும் கொடுத்தால்? (கொடுத்தவர்களைச் சொல்லணும்.)

அன்றைக்கு என் மகள் செல்விக்குப் பரிசம். ஒரு சம்பந்தம் ஏற்கெனவே தட்டிப்போய், பிள்ளை வெளியில் தலைகாட்டாமல் கிடந்தாள். இந்த அப்புத்தளை மாப்பிள்ளையைப் பார்த்த பிறகுதான் சிரித்தாள். அதனால் வரவேற்பு தோட்டமே கேட்கிற மாதிரி இருக்கணும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

என் கொழுந்தன் மணியம் பதுளையில் ரேடியோ திருத்துகிறவர். தன்னுடைய பழைய வால்வு ஆம்பிளிபயரைக் கொண்டுவந்து எங்கள் லயத்து வரிசைவீட்டு வாசலில் வைத்தார். உள்ளே கண்ணாடி வால்வுகள் காமாட்சி விளக்கு மாதிரி எரிந்தன. குழாய் ஸ்பீக்கரை ரோட்டுப் பக்கம் திருப்பி மரத்தில் கட்டிவிட்டு, மெதுவாகப் பேசினாலே போதும் என்றார். மெதுவாகவா? அது எனக்குத் தெரியாத பாஷை.

கீழே வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளங்களோடு படியேறத் தொடங்கினார்கள். மைக்கை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டு, “வாங்க, எல்லாரும் வாங்க, இருந்து சாப்பிட்டுப் போங்க” என்று முழங்கினேன்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்த மணியம், “மதினி, கிரிட் பிளஸுக்குப் போகுது” என்றார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த நர்ஸ், எனக்கு ஓ பிளஸ், நல்ல ரத்தம் என்று சொல்லியிருந்தார். பிளஸ் என்றால் நல்லதுதானே? கொழுந்தன் மெச்சுகிறார் என்று, அடிவயிற்றிலிருந்து அதையே இன்னும் இரண்டு தடவை சொல்லிக் கூப்பிட்டேன்.

படியில் பாதி வந்தவர்கள் நின்றார்கள். திரும்பி இறங்கினார்கள்.

மணியம் கரண்ட் ஒயரைப் பிடுங்கினார். “வால்வுக்குள்ள கிரிட்னு ஒரு கம்பி இருக்கு மதினி. அது மைனஸ்லயே நிக்கணும். நீங்க கத்துன கத்துல பிளஸுக்குப் போயி, கரண்ட இழுத்து, மூச்சடைச்சுப் போச்சு. ‘வாங்க’யெல்லாம் வெறும் கரகரப்பு. நீங்க மூச்சு முட்டி மெதுவா முடிச்சீங்க பாருங்க, கடைசி வார்த்த, அது மட்டுந்தான் தெளிவா போயிருக்கு.”

கடைசி வார்த்தை ‘போங்க’.

உள்ளே செல்வியின் முகத்தைப் பார்த்தேன். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் விழுந்தடித்து ஓடினேன். வேன் கதவைப் பிடித்து, “தாயி, வாங்கன்னுதான் சொன்னேன்” என்றேன். என் கையிலேயே மைக் இருந்ததையும், அதன் அறுந்த ஒயர் என் பின்னால் வால் மாதிரி வந்திருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

சம்பந்தியம்மாவும் பார்த்தார். “இதையும் தூக்கிட்டு வந்துட்டீங்களா? தூரத்துல இருந்து தொரத்துனது பத்தலையோ?” என்றவர், என் கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தாம்பாளங்கள் மறுபடி படியேறின.

செல்விக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். சம்பந்தியம்மா எங்கள் வாசலுக்கு வந்தால் செருப்பைக் கழற்ற மாட்டார். “வரவா, இல்ல இப்படியே போகவா?” என்று கேட்டுவிட்டு நிற்பார். தோட்டத்திலேயே பெரிய குரல்காரியான நான் கிட்டப் போய், அவர் காதுக்குள் மெல்ல, “வாங்க” என்பேன்.